பழைய ஏ.எம். டிரான்ஸ்மிட்டருக்கு உயிர் கொடுப்பது: கம்பியிலிருந்து தொடங்குங்கள்

பழைய ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் (குரலுக்கேற்ப ரேடியோ அலையின் வீச்சை ஏற்றி இறக்கி அனுப்பும் பெட்டி) ஒன்று கைக்கு வந்துவிட்டால் எவருக்கும் கை துறுதுறுக்கும். பிளக்கைச் சொருகி, வால்வுகள் கனன்று வருவதை உடனே பார்த்துவிட வேண்டும் என்று இருக்கும். நானும் அப்படித்தான் அவசரப்பட்டேன். குரலை ரேடியோ அலையில் ஏற்றும் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று போயிற்று.

டிரான்ஸ்மிட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறு வெளியே, ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னல் கம்பி உள்ள கேபிள்) முனையில் இருந்த பிஎல்-259 என்ற பிளக்கில். நடு ஊசியின் நுனியில் ஈயம் பளபளவென்று நின்றது, உள்ளே கம்பியைப் பிடிக்கவே இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போது காற்றில் கேபிள் ஆடியது, இணைப்பு விட்டுப்போனது. பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே தார் உருகும் வாடை. அதே அளவில் இன்னொரு டிரான்ஸ்பார்மர், வேறொரு செத்த பெட்டியிலிருந்து கிடைக்க எனக்கு 2 வருடம் ஆயிற்று. அன்றிலிருந்து எந்தப் பழைய பெட்டி வந்தாலும் ஆன்டெனாவைச் சரிபார்க்காமல் மைக்கைத் தொடுவதில்லை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பிளேட் மாடுலேஷன் முறையில், கடைசிக் கட்ட வால்வின் பிளேட்டுக்கு (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகட்டுக்கு) வரும் ஹை வோல்டேஜ், மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) வழியாகத்தான் போகிறது. பிளேட்டில் 600 வோல்ட், 200 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 120 வாட். முழு மாடுலேஷனுக்கு அதில் பாதி, 60 வாட் குரல் சக்தி வேண்டும். டிரான்ஸ்பார்மர் பார்க்கிற சுமை 600-ஐ 0.2-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 3000 ஓம். ஆன்டெனா அறுந்தால் பிளேட் கரன்ட் சரிந்து 50 மில்லியாம்பியருக்கு வந்துவிடலாம். இப்போது சுமை 12,000 ஓம். குரலைப் பெருக்கித் தரும் மாடுலேட்டர் வால்வுகளுக்கு இது தெரியாது, அவை முன்போலவே தள்ளிக்கொண்டிருக்கும். போக்கிடம் இல்லாத வோல்டேஜ் எகிறி, பல பத்தாண்டு வயதான காகித இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

ஆகவே முதல் வேலை கம்பி. அரை அலை டைபோல், அதாவது அரை அலை நீளக் கம்பியை நடுவில் பிரித்து அங்கே கேபிளை இணைக்கும் ஆன்டெனா, போதும், அதைவிட நம்பகமானது வேறில்லை. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20.1 மீட்டர், ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டரும் கொஞ்சமும். ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். கட்டி உயர்த்தி, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) மிகக் குறைவாக இருக்கும் அலைவரிசை எது என்று பார்த்து, இரு பக்கமும் சமமாக மடக்கிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தில் 10 சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 35 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். வெட்டுவதைவிட மடக்கிக் கட்டுவது மேல்; வெட்டிய கம்பி திரும்பாது.

நடு இன்சுலேட்டரில் ஈயப்பற்று கேபிளின் எடையைத் தாங்கக் கூடாது. கேபிளைத் தனியே கட்டி, பற்றவைத்த இடத்துக்குச் சற்றுத் தளர்வு விடுங்கள். கேபிளின் வெட்டுவாயில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி அடையுங்கள். உள்ளே நீர் புகுந்தால் பின்னல் கம்பி கறுத்துப் போகும், கேபிள் முழுக்க வீண்.

இனி அந்த பிளக். பின்னல் கம்பிக்கு முதலில் தனியாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். 80 வாட்டுக்குக் குறைந்த சால்டரிங் அயர்ன் இதற்கு உதவாது. பிளக்கின் உடம்பு ஈயத்தை உறிஞ்சும் அளவுக்குச் சூடாக வேண்டும், அதே நேரம் உள்ளே பிளாஸ்டிக் உருகிவிடக் கூடாது. சின்ன அயர்னை நெடுநேரம் வைப்பதால்தான் பிளாஸ்டிக் உருகுகிறது. நடு ஊசியைச் சூடாக்கி, ஈயம் உள்ளே இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு கேபிளின் மறுமுனையை ஒரு துண்டுக் கம்பியால் ஷார்ட் செய்து, இந்த முனையில் ஓம் மீட்டரை வைத்து, இன்னொருவரை விட்டு பிளக்கைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். மீட்டர் எண் துளிகூட அசையக் கூடாது. அசைந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். என் பளபளப்பான பிளக்கை அன்று இப்படிச் சோதித்திருந்தால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஏ.எம்-மில் மறக்கக் கூடாத கணக்கு ஒன்று உண்டு. கேரியர் (பேசாதபோதும் போய்க்கொண்டிருக்கும் அடிப்படை அலை) 100 வாட் என்றால் முழு மாடுலேஷனின் உச்சத்தில் அது 400 வாட். 50 ஓமில் கேரியரின் உச்ச வோல்டேஜ் 100, பேசும்போது 200. டியூனர் (ஆன்டெனாவைப் பெட்டிக்குப் பொருத்துவது), பேலன் (கேபிளையும் டைபோலையும் சமன் செய்து இணைப்பது), ரிலே எல்லாம் இந்த 400-ஐத் தாங்க வேண்டும். போதாக்குறைக்கு கேரியர் இடைவெளியே இல்லாமல் ஓடுவதால் சூடும் ஏறும். கேரியர் மட்டும் விடும்போது எஸ்.டபிள்யூ.ஆர். நிலையாக இருந்து, பேசும்போது மட்டும் ஊசி துள்ளுகிறதா? எங்கோ பொறி பறக்கிறது. இருட்டில் டியூனரின் கண்டன்சர் தகடுகளைப் பாருங்கள்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் பை நெட்வொர்க் (இரண்டு கண்டன்சரும் ஒரு சுருளும் கொண்ட, திருப்பிச் சரிசெய்யக்கூடிய வெளியீட்டுச் சுற்று) இருப்பதால் இன்றைய டிரான்சிஸ்டர் செட் மறுக்கும் ஆன்டெனாக்களுக்கும் அவை சக்தி கொடுக்கும். அதற்காக எதையும் மாட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல பேண்டுகள் வேண்டுமானால் திறந்த இரட்டைக் கம்பி லைனும் நல்ல டியூனரும் போடுங்கள். லூயி வார்னி 1946-இல் உருவாக்கிய 31.1 மீட்டர் ஜி5ஆர்வி என்ற ஆன்டெனாவும் நடக்கும்.

அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ஆன்டெனாவை மாற்றும் ரிலேயையும் ஆன்டெனாவோடு சேர்த்தே எண்ணுங்கள். அழுக்கேறிய கான்டாக்ட், அறுந்த கம்பிக்குச் சமம். ரிலே முதலில் மாற வேண்டும், ஹை வோல்டேஜ் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். என் மேசையில் இருப்பது ஹீத்கிட் டி.எக்ஸ்-100. 1955-இல் வந்த மாடல், எடை சுமார் 45 கிலோ. கடைசிக் கட்டத்தில் இரண்டு 6146 வால்வுகள், மாடுலேட்டரில் இரண்டு 1625. (1625 என்பது வேறொன்றுமில்லை, 12.6 வோல்ட் ஃபிலமென்ட்டும் ஏழு ஊசி அடியும் வைத்த 807 வால்வுதான்.) உங்களிடம் ஜான்சன் வைக்கிங் ரேஞ்சரோ வேறெதுவோ இருந்தாலும் முறை மாறாது.

உயிர் போகும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெயின்ஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதை வடிக்க வைத்த பிளீடர் ரெசிஸ்டர் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம், அதை நம்பாதீர்கள். காய்ந்த பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கொக்கி வைத்து, அதைத் தடித்த கம்பியால் சேசிஸுடன் (பெட்டியின் உலோகச் சட்டத்துடன்) இணைத்துக்கொள்ளுங்கள். கை உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் முதலில் அந்தக் கொக்கி போக வேண்டும். தனியாக இருக்கும்போது மூடியைத் திறந்த பெட்டிக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள்.

பழைய இரண்டு கம்பி மெயின்ஸ் ஒயரை அகற்றி, எர்த்துடன் மூன்று கம்பி ஒயர் போடுங்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சின்ன கண்டன்சர்களை வெட்டிவிட்டு, அந்த இடத்துக்கென்றே செய்யப்படும் ஒய் வகைப் பாதுகாப்புக் கண்டன்சர் வையுங்கள். காகிதக் கண்டன்சர்கள், எலக்ட்ரோலைட்டிக்குகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மைக்கா கண்டன்சர்களைத் தொட வேண்டாம். எண்ணெய்க் கண்டன்சர் கசிந்திருந்தால் வெறும் கை படக் கூடாது, அதில் பிசிபி என்ற நச்சுத் திரவம் இருக்கலாம்.

மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரை ஓம் மீட்டரில் பார்த்தால் சுருள் அறுந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். இன்சுலேஷன் தாங்குமா என்பதை அது சொல்லாது. எல்லா ஒயரையும் கழற்றி, சுருளுக்கும் இரும்புக்கும் இடையே, இரண்டு சுருள்களுக்கும் இடையே, மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து 500 வோல்ட்டில் பாருங்கள்.

பிறகு ஹை வோல்டேஜ், தாழ்ந்த வோல்டேஜ் ரெக்டிஃபையர் வால்வுகளை (ஏ.சி.யை டி.சி. ஆக்குபவை) எடுத்துவிட்டு, 100 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டு, வேரியாக்கில் (மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரில்) மெல்ல ஏற்றுங்கள். ஃபிலமென்ட்டுகள் குடிப்பதால் பல்ப் ஓரளவு எரியத்தான் செய்யும். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். அடுத்தது கிரிட் பயஸ், அதாவது வால்வின் கரன்ட்டைக் கட்டுக்குள் வைக்க அதன் கிரிட்டுக்குக் கொடுக்கும் வோல்டேஜ். 6146-க்கும் மாடுலேட்டருக்கும் நெகட்டிவ் பயஸ் வருகிறது என்று அளந்து உறுதி செய்யாமல் ஹை வோல்டேஜ் கொடுத்தால் பிளேட்டுகள் சிவந்து, வால்வுகள் நொடிகளில் பாழாகும். பயஸ் சரி என்றால் தாழ்ந்த வோல்டேஜ் ரெக்டிஃபையரைப் போட்டு ஆசிலேட்டர் (ரேடியோ அலையை உருவாக்கும் கட்டம்) ஓடுகிறதா, கிரிட் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். ஹை வோல்டேஜ் கடைசியில்.

டியூனிங் முழுதும் முதலில் 50 ஓம் டம்மி லோடில்தான் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டரில்). இழை பல்பை லோடாக வைக்கும் பழக்கம் உண்டு. குளிர்ந்த இழைக்கும் சூடான இழைக்கும் ஓம் வெகுவாக மாறுவதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுவிட்சை சி.டபிள்யூ. (மோர்ஸ்) நிலையில் வையுங்கள், பெரும்பாலான பெட்டிகளில் அந்த நிலையில் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி ஷார்ட் ஆகிப் பத்திரமாக இருக்கும். லோடிங் கண்டன்சரை முழுக்க உள்ளே தள்ளி, கையேடு சொல்லும் கிரிட் கரன்ட் வரும்படி டிரைவ் (முந்தைய கட்டத்திலிருந்து வரும் சக்தி) கொடுத்து, பிளேட் கண்டன்சரைத் திருப்புங்கள். கரன்ட் ஒரு புள்ளியில் சட்டென்று தாழும். அதுதான் டிப். அதைப் பிடிக்கும்வரை வால்வு சூட்டில் வதைபடும், ஐந்தாறு நொடிகளுக்கு மேல் தேடாதீர்கள். பிறகு லோடிங்கைக் கொஞ்சம் திறந்து, மறுபடி டிப் பிடித்து, இப்படியே கையேட்டின் பிளேட் கரன்ட் வரை ஏறுங்கள்.

இதன் பிறகுதான் மைக். பழைய அஸ்டாட்டிக் டி-104 போன்ற கிறிஸ்டல் மைக் வைத்திருப்பவர்கள் அதை ஈரத்திலும் வெயிலிலும் விடாதீர்கள், உள்ளே இருக்கும் ரோஷல் உப்புக் கிறிஸ்டல் கரைந்து போகும். ஆசிலாஸ்கோப்பில் அலையின் உருவத்தைப் பார்த்துப் பேசுங்கள். நல்ல மாடுலேஷன் உடுக்கையைப் போல இருக்கும்: உச்சத்தில் கேரியரின் இரண்டு மடங்கு உயரம், இடுப்பில் மெல்லிய வெளிச்சம். இடுப்பு ஒடுங்கி வெறும் கோடாகிவிட்டால் கேரியர் அறுபடுகிறது, அக்கம்பக்கத்து அலைவரிசை முழுதும் உங்கள் கரகரப்பு பரவும். அங்கே உடனே மைக் கெயினைக் குறையுங்கள். மனிதக் குரலின் அலை மேலும் கீழும் சமமாக இருப்பதில்லை. பெரிய பக்கம் கீழே விழுந்தால் மைக் எலிமென்ட்டின் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதே சக்தியில் குரல் கனமாகக் கேட்கும்.

டிரான்ஸ்பார்மர் செகண்டரியின் குறுக்கே ஒரு பொறி இடைவெளியும் வைத்துவிடுங்கள். இன்சுலேட்டர் பலகையில் எதிரெதிரே இரண்டு பித்தளைத் திருகுகள் போதும். டம்மி லோடில் முழு மாடுலேஷனில் பேசி, பொறி தாண்டாத மிகச் சிறிய இடைவெளியில் நிறுத்துங்கள். திருப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கரன்ட்டை நிறுத்தி, கொக்கியை வையுங்கள். அந்தத் திருகுகள் இரண்டிலும் ஹை வோல்டேஜ் நிற்கிறது.

உங்கள் லைசென்ஸில் ஏ3இ, அதாவது ஏ.எம். குரல், எந்த அலைவரிசையில் எத்தனை வாட் வரை அனுமதி என்று பார்த்துக்கொண்டு ஆன்டெனாவுக்கு மாற்றுங்கள். 3 கிலோஹெர்ட்ஸ் குரலுக்கு நீங்கள் பிடிக்கும் இடம் 6 கிலோஹெர்ட்ஸ், ஆகவே அந்த அகலம் முழுதும் காலியா என்று முதலில் ரிசீவரில் கேட்டுப் பாருங்கள். டிப்பும் லோடிங்கும் டம்மி லோடில் இருந்ததைவிடச் சற்று நகர்ந்திருக்கும், மறுபடி சரிசெய்யுங்கள். பத்து நிமிடம் பேசியபின் பெட்டியை நிறுத்தி, பின்பக்கம் போய் அந்த பிஎல்-259 பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். கேபிளைவிட அது சூடாக இருந்தால் அன்று அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கை வெட்டிவிட்டு, புதிதாகப் பற்றவையுங்கள்.