சேர்த்துப் பூட்டியும் நின்றுபோன பற்றரி

திருகோணமலையில் ஒரு வள்ளம். விளக்கும் பம்பும் 25 ஆம்பியர் இழுக்கும். 12.8 வோல்ற் லிதியம் பொஸ்பேற் பற்றரி இரண்டு சமாந்தரமாக. ஒவ்வொன்றின் பாதுகாப்புப் பலகைக்கும் எல்லை 20 ஆம்பியர்; தாண்டினால் மின்னைத் துண்டித்துவிடும். ஓடவிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒன்று துண்டிக்கும், விளக்கு மங்கும். பற்றரியை இடம் மாற்றினேன், பியூஸ் மாற்றினேன், பயனில்லை.

சுமையில்லாமல் அளந்தால் இரண்டும் 13.3. வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர்தான் காட்டிக்கொடுத்தது: ஒன்றில் 21, மற்றதில் 4 ஆம்பியர். சுமையோடு அளந்தபோது 4 ஆம்பியர் காட்டிய பற்றரியின் லக்கில் (வயர் நுனியில் அழுத்தும் உலோக முனை) மட்டும் அரை வோல்ற் இறக்கம். லக்கை மூடியிருந்த சுருங்கு குழாயைக் கீறினேன். உள்ளே உப்புக் களிம்பு, பச்சையாக.

செம்பு பளிச்சிடும்வரை வயரை வெட்டி, ஈயம் பூசிய லக் அழுத்தினேன். இரு வயரும் ஒரே நீளம். பற்றரிகளைத் தனித்தனியே 14.4க்கு ஏற்றி, ஆறவிட்டு, வித்தியாசம் 0.1க்குள் வந்தபின்பே சேர்த்தேன். இப்போது 13, 12 ஆம்பியர். நிம்மதி.