கொல்லைக் குளத்தில் காளைத்தவளையைக் கவனிப்பது எப்படி?

வீட்டுக் குளத்தில் தவளைகளைக் கவனிக்க விரும்புவோர் முதலில் அசையாமல் அமர்ந்திருக்கப் பழக வேண்டும். காலடி அதிர்ந்தவுடன் அவை நீருக்குள் பாய்ந்துவிடும் என்றாலும், பொறுத்திருந்தால் நீர்மட்டத்தில் இரண்டு கண்கள் மெல்ல எழும்பும். அமெரிக்கக் காளைத்தவளையானால், கண்ணுக்குப் பின்னால் வட்டத் தகடுபோல் தெரியும் செவிப்பறையைக் கூர்ந்து பாருங்கள்: அது கண்ணைவிடத் தெளிவாகப் பெரியதாக இருந்தால் ஆண், ஏறத்தாழக் கண்ணளவே இருந்தால் பெண். எருது முக்காரமிடுவதைப் போன்ற அந்தக் கனத்த குரல் ஆணுடையது.

இரவில் டார்ச் விளக்கின் மீது சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்வது நல்லது. முட்டைகள் நீர்ப்பரப்பில் மெல்லிய ஏடுபோலப் படர்ந்திருக்கும். ஒரு பெண் தவளை 20,000 முட்டைகள் வரை இடக்கூடும். குளிர்ப் பகுதிகளில் தலைப்பிரட்டை தவளையாக மாற 2 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், குளத்தை அவசரப்பட்டுத் தூர்வாரிவிடாதீர்கள்.

காலையில் கரையோரத் தண்டுகளையும் பாருங்கள். முதுகு பிளந்து, உள்ளே வெண்ணிற இழைகள் தொங்கும் பழுப்புநிறக் கூடு தென்பட்டால், அது தும்பி கழற்றிவிட்டுப் போன தோல். என் கணிப்பில், குளம் தரும் காட்சிகளில் இதற்கு ஈடில்லை.

தவளையைக் கையில் எடுக்க வேண்டாம். அது தோல் வழியாகவும் சுவாசிப்பதால், நம் கையிலுள்ள கொசுவிரட்டிக் களிம்பே அதற்குத் தீங்காகும். காளைத்தவளை இயல்பாக வாழாத பகுதிகளில் அதைக் கொண்டுவந்து விடுவதும் கூடாது. அங்குள்ள சிறு தவளைகளை அது விழுங்கிவிடும்.