ரெய்டு கண்காணிப்பு: எச்சரிக்கை ஏன் வந்து சேருவதில்லை?

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் முறைதான் ரெய்டு. அதில் ரெய்டு 5 என்ற அமைப்பில் ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்காகத்தான் அதை அமைக்கிறோம். ஆனால் அதனாலேயே டிஸ்க் செத்தது யாருக்கும் தெரியாமல் போகிறது. அடுத்த டிஸ்க்கும் போகும்போதுதான் தெரியவரும். அப்போது தரவும் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே கிடைக்கும் அவகாசத்தில் நமக்குச் செய்தி வந்தாக வேண்டும். வராமல் போவதற்குப் பெரும்பாலும் மென்பொருள் காரணமாக இருப்பதில்லை. செய்தி உண்மையிலேயே கைக்கு வருகிறதா என்று யாரும் சோதிக்காமல் விட்டதுதான் காரணம்.

முதலில் மின்னஞ்சல். லினக்ஸில் மென்பொருள் ரெய்டைக் கவனிக்கும் எம்டிஏடிஎம், அதன் அமைப்புக் கோப்பில் உள்ள முகவரிக்கு எச்சரிக்கை அனுப்பும். பல சர்வர்களில் அந்த முகவரி வெறும் 'ரூட்' (சர்வரின் நிர்வாகிக் கணக்கு) என்றே இருக்கும். அப்படியானால் எச்சரிக்கை அதே சர்வருக்குள் இருக்கும் ரூட்டின் அஞ்சல்பெட்டியில் போய் விழும். அதை யாரும் திறப்பதில்லை. சில சர்வர்களில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளே நிறுவப்பட்டிருக்காது. அது இருந்தாலும், அனுப்புநர் முகவரி ஒழுங்காக இல்லையென்றால் செய்தி ஸ்பாமுக்குப் போகும், இல்லையேல் திருப்பி அனுப்பப்படும். எனவே பெறுநர், அனுப்புநர் முகவரிகளைச் சரியாகக் கொடுத்து, கடவுச்சொல்லோடு இயங்கும் ஒரு அஞ்சல் சர்வர் வழியாக அனுப்புங்கள். அப்புறம் எம்டிஏடிஎம்மின் மானிட்டர் முறையில் டெஸ்ட், ஒன்ஷாட் விருப்பங்களைச் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனைச் செய்தி வரும். அதை உங்கள் கைபேசியில் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். டிஸ்க் தன் நலம் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் கவனிக்கும் ஸ்மார்ட்டி என்ற மென்பொருளிலும் இதேபோல் சோதனைச் செய்தி வசதி உண்டு. அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாலோ இயங்குதளத்தைப் புதுப்பித்தாலோ மறுபடி சோதியுங்கள்.

எச்சரிக்கை வரவில்லை என்பதை 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்கொள்வதுதான் இவற்றில் மிக ஆபத்தான தவறு என்பேன். கண்காணிப்புச் சேவை நின்றுபோனாலும், நெட்வொர்க் அறுந்தாலும், சர்வரே விழுந்தாலும் எச்சரிக்கை வராதுதான். அதனால் திசையைத் திருப்புங்கள்: சர்வர் குறிப்பிட்ட இடைவெளியில் வெளியே உள்ள வேறொரு இயந்திரத்துக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லட்டும், அது வராதபோது அந்த இயந்திரம் அலறட்டும். புரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஸ்க் நிலையை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுத, அதைப் புரொமீதியஸுக்கு விவரம் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர் படிக்கும்படி பலர் அமைக்கிறார்கள். ஸ்கிரிப்ட் பாதியில் செத்துவிட்டால் பழைய கோப்பு அப்படியே இருக்கும். டாஷ்போர்டு பச்சையாகவே காட்டும். கோப்பு கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதற்கும் ஒரு எச்சரிக்கை வையுங்கள்.

ரெய்டைத் தானே நடத்தும் வன்பொருள் ரெய்டு கார்டு இருக்கும் சர்வரில் இயங்குதளத்துக்குத் தெரிவது ஒரே ஒரு பெரிய டிஸ்க்தான். உள்ளே இருக்கும் டிஸ்க்குகளின் நிலையை அறிய கார்டுக்குரிய கருவி வேண்டும்: மெகாரெய்டு கார்டுக்கு ஸ்டோர்சிஎல்ஐ, டெல் சர்வருக்குப் பெர்க்சிஎல்ஐ, எச்பிஇ சர்வருக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ. டிஸ்க்குகளோடு கார்டின் பேட்டரியையும் கவனியுங்கள். பேட்டரி போனால் கார்டு வழக்கமாக ரைட்-பேக்கிலிருந்து (தரவைத் தன் நினைவகத்தில் வாங்கிவைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதும் முறை) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே முடிந்தது என்று சொல்லும் முறை) மாறிவிடும். தரவு பத்திரமாக இருக்கும், ஆனால் எழுதும் வேகம் படுத்துவிடும். காரணம் தெரியாமல் டேட்டாபேஸை நாள்கணக்கில் நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்மார்ட்டை மட்டும் நம்புவதும் போதாது. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எதிலும் அறிகுறி காட்டவில்லை. 5, 197, 198 என்ற எண்ணுள்ள ஸ்மார்ட் அளவீடுகளில் எண்ணிக்கை கூடினால் டிஸ்க்கை மாற்றத் தயாராகுங்கள்; கூடாவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். ரெய்டு நிலையைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த நிலையும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. யாரும் படிக்காத பகுதியில் கெட்டுப்போன செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) மறைந்திருக்கலாம். ஒரு டிஸ்க்கை மாற்றி, அதன் தரவை மற்ற டிஸ்க்குகளிலிருந்து மீண்டும் உருவாக்கும் ரீபில்ட் ஓடும்போதுதான் அவை வெளிப்படும். ரெய்டு 5-இல் அந்த நேரத்தில் காப்பாற்ற இன்னொரு பிரதி கிடையாது. ஆகவே மாதம் ஒருமுறையாவது எல்லா டிஸ்க்கையும் முழுவதும் படித்துச் சரிபார்க்க வேண்டும். டெபியன் லினக்ஸின் எம்டிஏடிஎம் தொகுப்பு இதை மாதத்தின் முதல் ஞாயிறன்று தானாகவே ஓட்டும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இதற்குப் பெயர் ஸ்க்ரப். ஓட்டினால் மட்டும் போதாது, அதன் முடிவும் கண்காணிப்புக்குள் வர வேண்டும்.

தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதற்காக ஐபிஎம்ஐ (சர்வரின் வன்பொருளைத் தொலைவிலிருந்து இயக்கும் வழி), எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையை நெட்வொர்க் வழியே கேட்கும் வழி) போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். ஐபிஎம்ஐ 2.0-இன் வடிவமைப்பிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது: உள்நுழையும் முன்பே கடவுச்சொல்லின் ஹாஷை (கடவுச்சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்க உதவும் குறியீட்டை) எதிரில் இருப்பவருக்குக் கொடுத்துவிடும். விபிஎன் வழியாக மட்டும் வாருங்கள். எஸ்என்எம்பியில் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் பதிப்பில் கடவுச்சொல்போல் பயன்படும் கம்யூனிட்டி பெயர் மறைக்கப்படாமலே போகும். சாதனம் தானாக அனுப்பும் டிராப் செய்திகள், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபியில் செல்வதால் வழியில் தொலைந்தாலும் தெரியாது. இடைவெளி விட்டு நாமே கேட்டுப் பார்ப்பதும் தேவை.

கடைசியாக, எச்சரிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'எஸ்டிசி பழுது' என்று, லினக்ஸ் டிஸ்க்குக்கு வைத்த பெயர் மட்டும் வந்தால் ஆபத்து, ஏனென்றால் ரீபூட்டுக்குப் பிறகு அந்தப் பெயர் வேறு டிஸ்க்குக்குப் போகலாம். ஏற்கனவே ஒரு டிஸ்க் இழந்த ரெய்டு 5-இலிருந்து தவறாக நல்ல டிஸ்க்கை உருவினால் மொத்தமும் விழும். சீரியல் எண் எச்சரிக்கையிலேயே வரும்படி செய்யுங்கள். அதே எண்ணை டிஸ்க் தட்டின் முகப்பிலும் ஒட்டி வையுங்கள். டிஸ்க்கை மாற்றப்போகிறவர் சர்வர் அறையில் நிற்க, நீங்கள் தொலைவில் இருப்பீர்கள். இருவரும் போனில் அந்த எண்ணைப் படித்து ஒத்துப்பார்த்த பிறகு கை வைக்கட்டும்.