யானை வேலியில் விடக்கூடாத தவறுகள்

காட்டில் யானை, ஊரில் மனிதர், நடுவே மின்வேலி. இவ்வளவுதான் தீர்வு என்று நினைப்பதிலிருந்தே தவறு தொடங்குகிறது. இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய், முதலிக்குளம், சேருவில பக்கத்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. சோமாவதி, கவுடுல்ல, மின்னேரியா பூங்காக்களுக்குள் மட்டும் யானைகள் அடங்கியிருப்பதில்லை. கோடையில் குளம் வற்றி அடியில் புல் முளைத்ததும் அங்கே இறங்கும். மாரியில் குளம் நிரம்பியதும் காடுகளுக்குப் பிரிந்து போகும். இந்தப் போக்குவரத்துக்குத்தான் வழி வேண்டும்.

பெரிய தவறு, வேலியை எங்கே போடுகிறோம் என்பதில்தான். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலம் முடிந்து வன பரிபாலனத் திணைக்களத்தின் காடு தொடங்கும் எல்லையில் பல வேலிகள் ஓடுகின்றன. இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. ஊருக்கு அதனால் என்ன பயன்? உள்ளே அடைபட்ட கூட்டம்தான் குட்டிகளோடு தீனியில்லாமல் மெலிகிறது. வேலி ஊரைச் சுற்றி நிற்கவேண்டும், அல்லது வயற்கண்டத்தைச் சுற்றி. வயல்வேலியை விதைப்போடு போட்டு, வேளாண்மை வெட்டியதும் கழற்றிவிடலாம். மிஞ்சிய தாளை யானை மேய்ந்துவிட்டுப் போகட்டும், கமக்காரருக்கு நட்டமில்லை. குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவ பக்கம் ஊரவர்களே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

வேலியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் விடுவது அடுத்தது. நாலு மழை பெய்தால் கொடி கம்பியில் ஏறிவிடும், மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும், அப்புறம் அது வெறும் கம்பிதான். ஆண் யானைகள் இதை விரைவில் கண்டுபிடிக்கும். கட்டையை முறித்துக் கம்பிமேல் போட்டுவிட்டுத் தாண்டும். ஆகவே துப்புரவாக்கும் முறையை வேலி போடும் முன்பே கமக்காரர் அமைப்பில் பேசி முடிவெடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டப்படி குற்றம்; விடியலில் தண்ணீர் பார்க்கப் போகிறவரையும் அது கொல்லும்.

வெடி கொளுத்தி விரட்டினால் பெண் யானைகளும் குட்டிகளும்தான் ஓடும். பயிருக்கு வரும் தனி ஆண்கள் நின்றுவிடும், மூர்க்கமும் கூடும்.

கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஹபரணை வீதியில் வாகனத்தை நிறுத்தி வாழைப்பழம் எறிவது பக்தியும் அல்ல, இரக்கமும் அல்ல. யானை வீதியோரத்திலேயே நிற்கப் பழகி, பிறகு வாகனத்தை மறிக்கும். குப்பையும் அப்படித்தான். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. நம் பிரதேச சபைகள் குப்பைக்கு இடம் தேடும்போது காட்டோரத்தைத் தொடவே கூடாது.