பழைய புல்லட்டை மாற்றிக் கட்டுவது: பெயிண்ட் கடைசியில்தான்

வண்டி வாங்கிய முதல் வாரமே டேங்க்கைக் கழற்றிப் பெயிண்டரிடம் கொடுப்பதுதான் வழக்கம். ஆறு மாதம் கழித்து சேசிஸில் ஒரு விரிசலுக்கு வெல்டிங் வைப்பார்கள், புதுப் பெயிண்ட் கொப்பளிக்கும். இன்ஜின் இறக்கும்போது ஸ்பேனர் வழுக்கி டேங்க்கில் கோடு விழும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஓடவும் நிற்கவும் வேண்டும், அடுத்து கரண்ட், அதற்கப்புறம் உட்காரும் இடமும் பிடிக்கும் இடமும், எல்லாம் அடங்கிய பிறகு பெயிண்ட். நிதானமாகச் செய்தால் மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை வண்டி தினமும் ஓட வேண்டும். மூலையில் நிற்கிற வண்டியில் எது கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இங்கே சொல்வது ராயல் என்ஃபீல்டின் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) 350 புல்லட்டைப் பற்றி. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., வலது காலில் கியர், இடது காலில் பிரேக். திருவொற்றியூர் ஆலையில் பிறந்த வண்டி என்பதால் வடசென்னையில் அதற்குத் தாய்வீட்டு உரிமை உண்டு. மற்ற வண்டி வைத்திருப்பவர்களுக்கும் அளவுகள்தான் மாறும், வரிசை மாறாது.

வாங்கும்போது

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் போய் நில்லுங்கள். போனதும் முதல் வேலை, சிலிண்டர் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆற விட்டுத்தான் கிக் அடிக்க வேண்டும். "நேத்துதான் சர்வீஸ் வுட்டேன் தம்பி" என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

பல நாள் நின்ற புல்லட், ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை கக்கும். அதைப் பார்த்து பிஸ்டன் போச்சு என்று விலை பேச வேண்டாம். ஆயில் டேங்க்கிலிருந்து ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் இறங்கியிருக்கும், அதுதான் எரிகிறது. ஐந்து நிமிஷத்தில் புகை அடங்கினால் கவலையில்லை. சூடான பிறகும் ஆக்சிலேட்டர் திருகும்போதெல்லாம் நீலம் வந்தால் போரிங் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செலவு காத்திருக்கிறது. அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டை (நடுவே ஓட்டை உள்ள போல்ட்) கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் பம்ப் வேலை செய்யவில்லை அல்லது லைன் அடைத்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், தள்ளிக்கொண்டோ குட்டியானையில் ஏற்றியோ வாருங்கள்.

சேசிஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கொத்தனார் நூல் போதும். பின் டயரின் இரண்டு ஓரத்தையும் தொட்டபடி முன் டயர் வரை இரு பக்கமும் நூலை இழுத்துப் பிடியுங்கள். முன்பின் டயர் அகலம் வேறாக இருந்தால் இரு பக்கமும் இடைவெளி சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி ஒரு பக்கம் விலகினால் வீல் செட்டிங் தவறு அல்லது வண்டி எங்கோ விழுந்து எழுந்திருக்கிறது. இன்ஜின் மவுண்டிங், ஸ்டாண்டு பிடிக்கும் இடம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் பக்கம் ஆகிய மூன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை வண்டிகள் அங்கேதான் துரு தின்னும்.

பேப்பர் விஷயத்தில் அவசரம் கூடாது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் உங்கள் கண்ணால் ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்த வண்டி என்றால் ஃபார்ம் 35, வேறு மாநில வண்டி என்றால் ஃபார்ம் 28 வேண்டும். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று எம்பரிவாகன் ஆப்பில் பார்த்துவிடுங்கள். இந்த ரக வண்டிகள் பதினைந்து வருஷம் தாண்டியவை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தண்டையார்பேட்டையோ ரெட்ஹில்ஸோ, எந்த ஆபீஸாக இருந்தாலும் இதுதான் நடைமுறை.

மாற்றங்களுக்கு எல்லை இங்கேதான் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சேசிஸை வெட்டுவது, சி.சி. கூட்டுவது, பின் சக்கரத்தின் சேலை கார்டை எடுப்பது எல்லாம் வம்பு. கழற்றுகிற ஒவ்வொரு ஒரிஜினல் பாகத்தையும் ஆயில் தடவி, அதன் போல்ட்டோடு சேர்த்து ஒரு கோணிப்பையில் போட்டு வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி மாட்ட முடியாத மாற்றத்தைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

முதல் வருஷம்: ஓடவும் நிற்கவும்

ஆயிலில் ஆரம்பியுங்கள். அடியில் இருக்கும் ட்ரெயின் ப்ளக் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் பழைய ஆயில் பாதி உள்ளேயே தங்கும். 20டபிள்யூ50 ஆயில் சுமார் 2 லிட்டர் பிடிக்கும், முடிவை டிப்ஸ்டிக் பார்த்துச் செய்யுங்கள். ஃபெல்ட் ஃபில்டரை மாற்றுங்கள். முதல் ஆயிலை 500 கி.மீ.யிலேயே இறக்கிவிடுங்கள், உள்ளே இருக்கும் கசடு அதோடு வரும்.

டேப்பட் (வால்வு இடைவெளி) செட்டிங் இன்ஜின் ஆறிய பிறகுதான், முடிந்தால் காலையில். பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்பில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) இருக்கும்போது புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளி தளர்வாக இருந்தால் தப்பில்லை. "டிக் டிக்" சத்தம் பிடிக்காமல் இறுக்கி வைத்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் போகும், கொஞ்ச நாளில் வால்வு கருகும்.

பாயிண்ட் (ஸ்பார்க் வரும் நேரத்தை முடிவு செய்யும் தொடுமுனை) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங் பார்க்க சிகரெட் தாளில் ஒரு துண்டு கிழித்துப் பாயிண்டுகளுக்கு நடுவே வைத்து, இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பிடித்தபடி இன்ஜினைச் சுற்றுங்கள். பிஸ்டன் டாப்புக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது தாள் விட்டுக்கொண்டு வர வேண்டும். முன்னதாகவே விட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பின்னதாக விட்டால் வண்டி இழுக்காது, பெண்டு பைப் (சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) நீலமாகும்.

போரிங் தேவைப்பட்டால் முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரோடு சேர்த்து போரிங் கடையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். "0.50 ஓவர்சைஸ்" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் இறுகிப் பிடிக்கிற வண்டிதான் கிடைக்கும். அதன்பின் 500 கி.மீ. வரை 50-ஐத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள்.

பிரேக்கில் ஷூ, கேபிள், கேம் மூன்றும் ஒன்றாக மாற வேண்டும். டிஸ்க் ஆசை இருந்தால், டிஸ்க்கோடு வந்த புல்லட் மாடலின் ஃபோர்க் கால், ஹப், காலிபர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் செட்டாகக் கிடைக்கும்வரை காத்திருங்கள். டிரம் ஃபோர்க் காலில் பட்டை வைத்து வெல்டிங் அடித்துக் காலிபர் தொங்கவிடுவதைப் பார்க்கலாம். அது அலுமினிய வார்ப்பு. முழு பிரேக் பிடிக்கும் நாளில்தான் அந்த வெல்டிங் விடும். புதுப்பேட்டையில் பழைய ஃபோர்க் வாங்கினால் பைப்பைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் உடனே தெரியும்.

மரை என்கிற மறைமுக எதிரி

இது தெரியாமல்தான் பாதி புல்லட்டுகளின் இன்ஜின் கேஸ் பாழாகிறது. இந்த வண்டி இங்கிலாந்து வடிவமைப்பு. பல இடங்களில் இஞ்ச் மரை, சில இடங்களில் மில்லிமீட்டர் மரை. 5/16 இஞ்ச் போல்ட் என்றால் 7.94 மி.மீ. கடையில் கிடைக்கும் எட்டு மி.மீ. போல்ட் அதே ஓட்டையில் முதல் இரண்டு சுற்று அழகாக ஏறும். பிறகு கொஞ்சம் இறுகும். "துருவா இருக்கும்" என்று ஸ்பேனர் போட்டு இழுத்தால் அலுமினிய மரை வாரிக்கொண்டு வரும். எட்டு மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. பி.எஸ்.எஃப். என்கிற பிரிட்டிஷ் இஞ்ச் மரையில் இந்த அளவுக்கு இஞ்சுக்கு 22 மரை, அதாவது சுமார் 1.15. சைக்கிள் மரையில் இஞ்சுக்கு 26, அது இன்னும் நெருக்கம். ஒரு மரை கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய போல்ட்டையே பாரிமுனைப் பக்கம் எடுத்துப்போய், புதிதின் மரையோடு பல்லுக்குப் பல் கோத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது வேறு மரை.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறவர்கள் அதில் மரை ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவ வேண்டும். உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இரண்டு வருஷம் கழித்துப் போல்ட் சுற்றாது, தலை மட்டும் கையோடு வரும்.

கரண்ட்

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது 12 வோல்ட் பேட்டரியில் 12.6 வோல்ட், ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.8-லிருந்து 14.5 வரை. பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும். பிறகு ஹெட்லைட்டை எரியவிட்டு பல்பு ஹோல்டரில் அளந்து பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் ஸ்விட்சும் ஜாயிண்ட்டும் தின்கின்றன. அதற்கு மருந்து பெரிய பல்பு அல்ல, ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் ஸ்விட்ச்). 30-ஆம் முனைக்குப் பேட்டரி பாசிட்டிவ், 15 ஆம்ப் ஃபியூஸ் வழியாக. 87-லிருந்து பல்புக்கு. 86-க்குப் பழைய ஸ்விட்ச் வயர். 85 எர்த். ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று. 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். புல்லட்டின் ஆல்டர்னேட்டர் அதற்குச் செய்யப்பட்டதில்லை, எண்ணூர் போய்த் திரும்புவதற்குள் பேட்டரி படுத்துவிடும்.

வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதை விட்டு, கிரிம்ப் செய்து (உலோக முனையை அழுத்திப் பிடித்து) ஸ்லீவ் போடுங்கள். எர்த் வயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, மாட்டிய பிறகு மேலே கிரீஸ். விட்டு விட்டு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு போல்ட்டில் இருக்கும்.

ஹேண்டில், சீட், சைலன்சர்

ஹேண்டில்பார் மாற்றினால் கேபிள் நீளமும் மாற வேண்டும். இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. ஒரு சந்தில் திரும்பும்போது வண்டி தானாகப் பாய்வது இதனால்தான். தாழ்ந்த ஹேண்டிலில் லீவர் டேங்க்கில் இடிக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சீட்டுக்குச் சேசிஸை வெட்டாமல் தனித் தகடோ ஃபைபரோ அடித்து, பழைய சீட்டின் ஓட்டைகளிலேயே மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள்.

சைலன்சர் மாற்றினால் காற்று அதிகமாகும், பெட்ரோல் போதாது. ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் சரி. வெள்ளையாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவிடும் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்ட வேண்டும், கறுப்புக் கரியாக இருந்தால் குறைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட், ஃபில்டர், டைமிங் மூன்றையும் ஒரே நாளில் தொட்டால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தெருவே எழுந்திருக்கும் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு இங்கே யோசனை எதுவும் இல்லை.

தண்ணீர்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டார்கள். இன்ஜின் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியைக் கிக் அடிக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றி, ஆயிலை இறக்கிப் பாருங்கள். டீ நிறத்தில் கலங்கியிருந்தால் புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி அதையும் இறக்கி, மூன்றாவதாக ஊற்றுவதே நிற்க வேண்டிய ஆயில். கார்புரேட்டர் பவுல், இரண்டு டிரம், பாயிண்ட் பெட்டி எல்லாம் திறந்து காய வேண்டும். ஈர வண்டிக்குக் கவர் போடுவது துருவுக்குப் பாய் விரிப்பது போல.

கடைசியாகப் பெயிண்ட்

சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் நல்லது. அம்பத்தூர்ப் பக்கம் செய்துகொள்ளலாம். 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகும் என்பதால் பட்டி வைத்த இடம் தாங்காது, பள்ளத்தை முன்பே உலோகமாகவே சரிசெய்ய வேண்டும். ஹேண்டில் பேரிங் உட்காரும் கோன்செட் கப், ஸ்விங்ஆர்ம் புஷ், மரை ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள். சேசிஸ் நம்பர் மேல் தடித்த பூச்சு விழாமலும், மணல் அடிக்கும்போது அது தேயாமலும் கூடவே நின்று பாருங்கள். பதிவு புதுப்பிக்கும்போது அந்த நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். படியவில்லை என்றால் அலைச்சல்தான்.

டேங்க்கின் உள்துருவுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி, பிறகு சோடா உப்புத் தண்ணீர், பிறகு நன்றாக உலர்த்தல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். பழைய ரப்பர் ட்யூபும் அதில் ஊறி விரியும், புதிதாக்குங்கள். டேங்க்கில் ஓட்டை அடைக்க நெருப்பு வைக்கும் முன் தண்ணீர் நிரப்பாமல் விடவே கூடாது. காலி டேங்க்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே வேண்டாம், ஈரக் காற்றில் பெயிண்ட் வெள்ளை பூக்கும். தகடு தேய்த்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். காசிமேட்டுக் காற்றில் ஒரு ராத்திரி போதும், தகடு செம்பழுப்பாகிவிடும். தங்கக் கோடுகளுக்கு ஸ்டிக்கர் வேண்டாம். ஆலையிலும் அது கையால் இழுத்த கோடுதான். நீள முடித் தூரிகையில் இனாமல் எடுத்து ஒரே மூச்சில் இழுக்கிற ஆளைத் தேடுங்கள். கோடு காய்ந்ததும் டேங்க்கை மாட்டும்போது மவுண்டிங் ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள். பழைய ரப்பர் தட்டையாகி இருந்தால் அதிர்வில் டேங்க்கின் காது விரியும், மறுபடி வெல்டிங், மறுபடி பெயிண்ட்.