பி.ஏ. தத்துவம்: வாதத்தைப் பிரித்துப் படிக்கும் முறை

முதலாண்டில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். யார் என்ன சொன்னார் என்று மனப்பாடம் செய்கிறார்கள். எதை வைத்துச் சொன்னார் என்று பார்ப்பதில்லை. கைடு நோட்ஸ் முதலாவதை மட்டுமே தரும்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டேக்கார்ட் 1641இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தியானங்களில் முதலாவது சில பக்கங்கள்தான். முதல் முறை நிறுத்தாமல் படியுங்கள், அடிக்கோடு வேண்டாம். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, ‘ஆனால்’, ‘ஆகவே’ வரும் இடங்களை வட்டமிடுங்கள். வாதம் திரும்புவது அங்கேதான். புலன்கள் சிலமுறை ஏமாற்றியிருக்கின்றன என்று தொடங்குகிறார். ஆனால் கையில் இருக்கும் காகிதத்தை எப்படிச் சந்தேகிப்பது? கனவாக இருக்கலாம். கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே? எல்லாம் வல்ல ஒன்று அதிலும் நம்மை ஏமாற்றினால்? ஒவ்வொரு படியும் அவரே எழுப்பிய தடைக்கு அவரே தரும் பதில். “டேக்கார்ட் எல்லாவற்றையும் சந்தேகித்தார்” என்ற ஒற்றை வரியில் இந்தப் படிகள் அத்தனையும் காணாமல் போகின்றன.

மூன்றாம் முறை நூலை மூடிவிட்டு, முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதைத் தாங்கும் எடுகூற்றுகளை, அதாவது முடிவுக்கு ஆதாரமான கூற்றுகளை, அதன் மேலே எண் போட்டு எழுதுங்கள். எழுத வரவில்லையா, இன்னும் புரியவில்லை என்று பொருள்.

அடுத்து, அந்த எடுகூற்றுகளிலிருந்து முடிவு பிறக்கிறதா என்று பாருங்கள். ‘மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது.’ தண்ணீர் லாரி ஒழுகியிருந்தால்? கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையிடும் மெய்மை அட்டவணை போட்டால், ‘மழை பெய்தது’, ‘தெரு நனைந்தது’ என்ற இரண்டு கூற்றுகளுக்கு நான்கு வரிசை வரும். மழை பொய், நனைந்தது மெய் என்ற வரிசையில் எடுகூற்று இரண்டும் மெய், முடிவு மட்டும் பொய். அந்த ஒரு வரிசை போதும், வாதம் விழுந்துவிடும். கூற்று மூன்றானால் வரிசை எட்டு. ‘மழை பெய்தால் தெரு நனையும்’ போன்ற நிபந்தனைக் கூற்று பொய்யாவது முன்பகுதி மெய்யாகவும் பின்பகுதி பொய்யாகவும் இருக்கும்போது மட்டுமே. அளவையியல் (லாஜிக்) தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

இந்தியத் தத்துவத் தாளில் நியாயம் என்ற தத்துவப் பள்ளி வாதத்துக்கு வகுத்த ஐந்து உறுப்புகள் வரும். மணிமேகலையின் 29ஆம் காதையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதை இங்கே பொருத்துவது), நிகமனம் (முடிவு) எல்லாம் அங்கே தமிழில் இருக்கின்றன. ‘மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களைபோல’ என்பதை ஐந்தாக விரித்து எழுதிப் பழகுங்கள்.

கட்டுரையில் ‘தொன்றுதொட்டு மனிதன் சிந்தித்து வருகிறான்’ வகைத் தொடக்கத்தை அடித்துவிடுங்கள். உங்கள் நிலைப்பாடு முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் வரவேண்டும். பிறகு நீங்கள் எடுத்துக்கொண்ட தத்துவவாதியின் வாதம், அதற்கு எதிரான மிக வலுவான ஒரே ஒரு மறுப்பு, அவர் தரப்பு அதற்கு என்ன சொல்லும் என்பது. சோப்ளாங்கி மறுப்புகள் ஐந்தை அடுக்கினால் பக்கம்தான் நிறையும்.