கோடிங் வேலையில் நுழைவதும் நிலைப்பதும்: குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

நாகர்கோவில் பக்கம் எந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பை எட்டிப் பார்த்தாலும் பெண்பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் இது. படிக்க வைப்பதில் நம் ஆட்கள் குறை வைப்பதில்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள். ஒருத்தி பி.எட். முடித்து ஸ்கூலில், ஒருத்தி வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள், ஒருத்தி கணவனோடு துபாயில். கோடிங் செய்கிறவள் அபூர்வம். நான் தக்கலைக்காரி. திருவனந்தபுரத்தில் டெவலப்பராக இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ எடுப்பதும் என் வேலைதான். அதனால் உங்களுக்குச் சொல்ல கொஞ்சம் இருக்கிறது மக்களே.

முதலில் வீட்டைச் சரிபண்ணுங்கள். வெயில் படாத வேலை, பாதுகாப்பான வேலை என்றுதான் நம் வீடுகளில் கம்ப்யூட்டர் படிக்க விடுகிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மீட்டிங் வந்தால் அதே பாதுகாப்பைச் சொல்லி வேலையை விடச் சொல்வார்கள். ஆகவே ஷிஃப்ட் நேரம், தங்கும் இடம், கம்பெனி வண்டி உண்டா என்பதையெல்லாம் அப்பா கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கும் ஐ.டி. வளாகமான டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தால் மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து, நகரத்தையும் கடந்து கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். முதல் வருஷமாவது ஹாஸ்டலில் தங்குங்கள். சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம்.

“பொம்பளப் பிள்ளைக்கு இது ஒத்துவருமா?” என்று கேட்க ஒரு மாமா எப்படியும் இருப்பார். 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு புரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அதே நாட்டில் 1980-களின் நடுவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். பிறகு அது 18 சதவீதத்துக்குப் பக்கம் இறங்கியது. வீட்டுக் கம்ப்யூட்டரை பையன்களின் விளையாட்டுச் சாமான் மாதிரி விற்றதும், பையன்கள் ஏற்கெனவே பழகிவிட்டு வகுப்புக்கு வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பார்கள். இங்கேயும் லேப்டாப் யார் அறையில் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் அறையில் இருந்தால் முதல் வேலையாக அதை உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். ரௌட்டரை இன்வெர்ட்டரில் மாட்டச் சொல்லுங்கள். இடிமழைக் காலத்தில் சாயங்காலத்தை நம்பாமல் காலையிலேயே உட்காருங்கள்.

சர்டிபிகேட் சேர்க்காதீர்கள். அடிப்படைக்கு ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், அது போதும். அப்புறம் உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு முழுசாக ஒரு புரோகிராம் எழுதுங்கள். வீட்டில் ரப்பர் மரம் இருக்கிறதா? நாள்தோறும் எத்தனை ஷீட், எடை என்ன, அன்றைய விலை என்ன, பால் வெட்டுகிறவருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், இதைக் கணக்கு வைக்க ஒன்று செய்யலாம். அம்மாவின் சுயஉதவிக் குழுக் கணக்கும் நல்ல விஷயம்தான். எழுதிய கோடை எல்லாரும் பார்க்கும்படி வைக்கிற கிட்ஹப் தளத்தில் போட்டு, தப்பைத் திருத்தத் திருத்த ஏற்றிக்கொண்டே இருங்கள். ஆன்லைன் ஷாப்பிங் ப்ராஜெக்டை எல்லாரும் கொண்டுவருகிறார்கள். மழைநாளில் வெட்டு இல்லாவிட்டால் கணக்கு எப்படி மாறும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிடம்தான் எனக்கு மேலே கேட்கத் தோன்றும். இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை. எரர் மெசேஜை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்கிற இங்கிலீஷ் இருந்தால் வேலை ஓடும்.

இன்டர்வியூ முடிவில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். தலையாட்டிவிட்டு எழும்பாதீர்கள். எந்த டீம், கோட் எழுதுகிற டெவலப்மென்டா, அதைச் சோதிக்கிற டெஸ்டிங்கா, பயன்படுத்துகிறவர்களுக்கு உதவுகிற சப்போர்ட்டா என்று கேளுங்கள். டெஸ்டிங் மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் போகிறவர்கள் போகட்டும். கேட்காததால் அங்கே போய்ச் சேர்வதுதான் வேண்டாம்.

வேலையில் சேர்ந்தபிறகுதான் பெண்கள் கோடிங்கை விட்டு உண்மையாகவே கசிந்து வெளியேறுவது. “நீ நல்லா பேசுற, கையெழுத்தும் அழகு, மீட்டிங் குறிப்பு எடுத்துக்கோ” என்று ஆரம்பிக்கும். அடுத்து பிறந்தநாள் கேக், அதற்கடுத்து கோஆர்டினேஷன். ஒரு வருஷத்தில் உங்கள் பெயரில் கோட் ஒன்றும் இருக்காது. மறுக்க ஒரு வழி உண்டு: “சரி சார், இந்த வாரம் நான் எடுக்கிறேன், அடுத்த வாரம் அவர்” என்று எல்லார் முன்னாலும் சிரித்தபடி முறை வைத்துவிடுங்கள். மாசத்துக்கு ஒருமுறை நீங்கள் எழுதியதையும் திருத்திய புரோகிராம் பிழைகளையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள், அப்ரைசலில் கைகொடுக்கும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அதில் யார் யார் என்று சேர்ந்தவுடனே தெரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணப் பேச்சு வரும். பவுன் கணக்குப் பேசுகிற அதே இடத்தில் வேலையைப் பற்றியும் பேசவேண்டும். எந்த ஊரில் குடியிருப்பு, ராத்திரி கால் வந்தால் யார் அடுப்பைப் பார்ப்பார்கள் என்று பையனிடமே கேளுங்கள். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிற பதிலை நான் இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

குழந்தை பிறந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கும் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு 2017 திருத்தத்தில் வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் குழந்தைக் காப்பக வசதி தரவேண்டும். விடுப்புக்கு முன்பே, திரும்பி வரும்போது அதே டீம்தானா என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். சில வருஷம் இடைவெளி விழுந்துவிட்டால் ரெஸ்யூமில் மறைக்கவேண்டாம், ‘குழந்தை வளர்ப்பு’ என்று ஒரு வரி போதும். கீழேயே இப்போது செய்துகொண்டிருக்கும் ப்ராஜெக்டின் லிங்கைப் போடுங்கள். அவுட்ரீச்சி என்ற திட்டத்தையும் தேடிப் பாருங்கள்: யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று கோடைத் திறந்து வைத்திருக்கும் ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளில் மூன்று மாதம், வீட்டிலிருந்தே, உதவித்தொகையோடு பயிற்சி. வருஷத்துக்கு இரண்டு முறை எடுக்கிறார்கள். விண்ணப்பக் காலத்திலேயே அந்த ப்ராஜெக்டில் ஏதாவது திருத்தம் செய்து அனுப்பவேண்டும், அதனால் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.